சேலைக் கரையே போர்வைக்குக் காவல்!

டிசம்பர் பிறந்துவிட்டால் கராடியில் அதிகாலை நேரம் வெடவெடவென்று இருக்கும். முளா-முட்டா ஆற்றின் பக்கமிருந்து வரும் காற்று, பத்தாவது மாடி ஜன்னல் இடுக்கையும் கண்டுபிடித்து உள்ளே புகுந்துவிடும். புனே நகரில் அந்த நாட்களில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது அதிசயம் அல்ல. மதுரையிலும் திருநெல்வேலியிலும் ஒற்றைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிப் பழகியவர்களுக்கு இந்தக் குளிர் லேசில் பிடிபடாது.

கராடி முன்பு ஆற்றோரத்துக் கிராமம். 1997-ம் ஆண்டு புனே மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. பிறகு கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. அவற்றோடு தமிழ்க் குடும்பங்களும் வந்தன. இன்று அங்கே வெயில் ஏறியதும் பால்கனிக் கம்பிகளைப் பார்த்தால் இரண்டு விதப் போர்வைகள் காயும். ஒன்று, கடையில் வாங்கிய வழவழப்பான பிளீஸ் போர்வை. மற்றொன்று, பழைய சேலைகளை அடுக்கி, கையால் தைத்த மராட்டியர்களின் கோதடி.

இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கும் ஆசை தமிழ்ப் பெண்மணிகளுக்கு வருவது இயற்கை. ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் அம்மா கட்டிய நூல் சேலைகள் இருக்கின்றன. கட்டிக்கொள்ளவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது. அவற்றை மேலே வைத்து, அடியில் பிளீஸ் துணியைக் கொடுத்துத் தைத்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கதகதப்பான போர்வை ஆயிற்று. பாட்டியின் வாசனையும் வீட்டிலேயே இருக்கும்.

நினைப்பு நல்ல நினைப்புதான். ஆனால் இப்படித் தைத்த போர்வைகளில் பல, முதல் சலவையோடு முகம் மாறிவிடுகின்றன. நடுவில் ஒரு குறையும் இருக்காது. ஓரம் மட்டும் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நிற்கும். மூலைகள் சுருண்டுகொள்ளும். ஓரத் தையல் விட்டு, உள்ளே இருக்கும் சேலை நூல் நூலாகப் பிரியும். புதுத் துணி என்றால் போகட்டும் என்று விடலாம். அம்மாவின் சேலையை மறுபடி எந்தக் கடையில் வாங்குவது?

கோதடி சொல்லும் கணக்கு

ஓரத்தைக் காப்பாற்றும் வித்தை கராடியைச் சுற்றியுள்ள பழைய கிராமத்து வீடுகளிலேயே இருக்கிறது. மராட்டிய மாநிலத்தில் கோதடி தைப்பது வீட்டுப் பெண்களின் கைவேலை. தென் பகுதி மாவட்டங்களில் இதையே "வாகள்" என்பார்கள். தீபாவளி முடிந்து மழைக்காலம் வருவதற்கு முன், வயல் வேலை குறைந்த நாட்களில், வாசலில் சேலைகளை விரித்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து தைப்பார்கள். தேவையெல்லாம் ஊசி, நூல், பழைய துணி. பஞ்சு கூட வேண்டியதில்லை. துணி அடுக்குக்குள் தங்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது.

மராட்டியப் பெண்கள் கட்டும் ஒன்பது கஜம் சேலை, நம் ஊர் மடிசார் சேலை போலவே, 27 அடி நீளம். அதை நாலாக மடித்தால் ஒவ்வொரு மடிப்பும் ஏழு அடிக்குச் சற்றுக் குறைவு. ஓர் ஆள் படுக்கும் நீளம்! ஒரே சேலையில் நான்கு அடுக்குக் கோதடி தயார். சேலையை நெய்தவர் போர்வைக்கும் கணக்குப் போட்டே நெய்தாரோ என்று தோன்றும்.

தைக்கும் முறையும் கவனிக்க வேண்டியது. பல கோதடிகளில் தையல் வெளி ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். ஓரத்தைச் சுற்றி ஒரு வரி ஓட்டுத் தையல், அதற்குள்ளே இன்னொரு வரி, அதற்குள்ளே மற்றொன்று. இப்படிச் சதுரத்துக்குள் சதுரமாக நடுவை நோக்கிப் போகும். முதலில் வேலி, பிறகுதான் பயிர்!

ஓரம் கட்டுவதில் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள சேலையைக் கொஞ்சம் பெரிதாக விட்டு, மேலே மடித்துக் கொண்டுவந்து தைத்துவிடுவது. மற்றொன்று, சேலையின் கரையைத் தனியாகக் கிழித்தெடுத்து, போர்வையைச் சுற்றிச் சட்டம் போலக் கட்டுவது. இந்த இரண்டாவது முறைதான் கெட்டிக்காரத்தனம்.

காரணம் இருக்கிறது. சேலையில் முதலில் நைவது உடல் பகுதி. கடைசி வரை நிற்பது கரை. கரைப் பகுதியில் பாவு நூல் நெருக்கமாக ஓடுகிறது. அதோடு, கரையின் வெளி விளிம்பு தறியிலேயே கட்டப்பட்டு வருவதால் அங்கே நூல் பிரியாது. மடித்துத் தைக்க வேண்டிய அவசியமும் இல்லை. போர்வையிலும் முதலில் நைவது ஓரம்தான். இழுத்துப் போர்த்துவது ஓரத்தைப் பிடித்து. முகத்து எண்ணெயும் வியர்வையும் படுவது ஓரத்தில். சலவையில் அடி வாங்குவதும் ஓரமே. சேலையில் பலமான இடத்தை எடுத்துப் போர்வையில் பலவீனமான இடத்துக்குக் காவல் போட்டார்கள்.

சாதாரண ஐந்தரை மீட்டர் சேலை என்றால் 18 அடி. இரண்டு பக்கக் கரையும் சேர்ந்து 36 அடி. ஏழரை அடி நீளம், ஐந்து அடி அகலமுள்ள போர்வையைச் சுற்றி வர 25 அடி போதும். மூலைக்கும் ஒட்டுக்கும் ஓர் அடி கூடுதலாக வைத்தாலும் மிச்சம் இருக்கும். ஆகவே கரைக்காக வேறு துணி தேடி லட்சுமி சாலைக்கும் ரவிவார் பேட்டைக்கும் அலைய வேண்டியதில்லை. ஜரிகைக் கரை மட்டும் வேண்டாம். குழந்தையின் கன்னத்தில் உரசும்; விறைப்பாகவும் நிற்கும்.

பிளீஸ் என்பது என்ன?

"பிளீஸ்" என்ற சொல் திருப்பூர்க்காரர்களுக்குப் புதிது அல்ல. அங்கே அது பருத்திப் பின்னலாடைத் துணி. ஒரு பக்கத்தை மட்டும் சுரண்டி மிருதுவாக்கியிருப்பார்கள். போர்வைக்கு வரும் பிளீஸ் வேறு ஜாதி. பாலியஸ்டர் நூலைப் பின்னி, இரண்டு பக்கமும் முட்கம்பி உருளையால் சுரண்டி, எழும்பிய ரோமத்தைச் சமமாக வெட்டி விடுகிறார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் இருந்த மால்டன் மில்ஸ் என்ற ஆலை 1979-ம் ஆண்டு இதை உருவாக்கியது. அந்த ஆலை முதலாளி இதற்குக் காப்புரிமை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. அதனால் உலகம் முழுவதும் ஆலைகள் இதைச் செய்தன, விலையும் சரிந்தது. 1993-ல் பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி எடுத்த இழையிலும் பிளீஸ் ஆடை வந்துவிட்டது.

இது தறியில் நெய்த துணி அல்ல, பின்னிய துணி. எங்கே வெட்டினாலும் பிசிறு பிரியாது. "பிறகு ஓரம் எதற்கு? வெட்டி அப்படியே போர்த்திக்கொள்ள வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. வெறும் பிளீஸ் துணிக்கு அந்தக் கேள்வி ஓரளவு நியாயமே. ஆனால் அதன் மேல் சேலையை வைத்தவுடன் கதை மாறிவிடுகிறது. சேலை பிரியும், பிளீஸ் பிரியாது. பிளீஸ் அகல வாட்டத்தில் ரப்பர் போல இழுபடும், சேலை நீளாது. இந்தப் பொருந்தா ஜோடியைச் சேர்த்து வைக்கும் பொறுப்பு ஓரத்தின் தலையில் விழுகிறது. வெளியே தெரியும் அப்பள நெளிவு, உள்ளே நடக்கும் இந்த இழுபறியின் அடையாளம்.

தைக்கும் முன்

முதலில் எல்லாத் துணியையும் தனித்தனியே நனைத்து அலசிக் காய வைக்க வேண்டும். பலமுறை வெளுத்த சேலை சுருங்க வேண்டிய அளவு ஏற்கெனவே சுருங்கியிருக்கும். கஞ்சி போட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்த சேலை அப்படி அல்ல, இனிமேல்தான் சுருங்கும். பிளீஸ் சுருங்காது. ஆகவே அந்தச் சுருக்கம் தைப்பதற்கு முன்பே நடந்துவிட வேண்டும்.

சேலையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. சல்லடை போலத் தெரியும் பகுதி போர்வையின் மேல்புறத்துக்கு ஆகாது. அதை நடு அடுக்காக வைத்துக்கொள்ளலாம். நைந்த பருத்தியில் நைலான் நூல் போட்டால் நூல் நிற்கும், துணி அறுந்துவிடும். பருத்தி நூலே பொருத்தம்.

பிளீஸ் துணியின் இரு பக்க விளிம்புகளும் விறைப்பாக, ஊசித் துளைகளோடு இருக்கும். அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். மேல் சேலையைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக பிளீசை வெட்டி, தரையில் விரித்து, இழுக்காமல் சும்மா தடவிச் சமப்படுத்தினால் போதும். பாயை விரிப்பது போல ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் அப்போதே கெட்டது காரியம். பிறகு சேலையை வைத்து, நடுவிலிருந்து வெளியே போகும்படி, பின்னால் பிரித்துவிடக்கூடிய நீளமான தையல்களால் இரண்டையும் பிணைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியை பிளீஸ் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பாலியஸ்டர் உருகிப் பளபளவென்று தழும்பு விழும்.

போர்வையின் உடலை ஓட்டுத் தையலால் தைத்து முடித்த பிறகு ஓரத்துக்கு வரலாம். கோதடியில் ஓரம் முதலில் என்றால் இங்கே ஓரம் கடைசியில். அங்கே எல்லா அடுக்கும் நெய்த துணி. இங்கே ஓர் அடுக்கு இழுபடும் துணி. உள்ளே தைக்கத் தைக்க அது நகரும். நகர்ந்து முடிந்த பிறகுதான் ஓரத்தை நேராக வெட்ட முடியும்.

அளவு எடுக்கும் இடம்

இனி வருவதுதான் முக்கியமான கட்டம். பெரும்பாலோர் கரைத் துண்டைப் போர்வையின் ஓரத்தில் வைத்து, தைத்துக்கொண்டே போய், முடிகிற இடத்தில் வெட்டுகிறார்கள். நெளிவுக்குக் காரணமே இதுதான். ஓரம் ஏற்கெனவே கொஞ்சம் நீண்டிருக்கும். கரைத் துண்டும் அந்த நீளத்துக்கே வெட்டப்பட்டுவிட்டால், நெளிவு நிரந்தரமாகிவிடும்.

அளவை ஓரத்தில் எடுக்காமல் போர்வையின் நடுவில் எடுக்க வேண்டும். நடு நீளம் 90 அங்குலம் என்றால், மூலைக்கு விடும் துணி போக, நீளப் பக்கத்துக்கான கரையும் 90 அங்குலம்தான். ஓரம் 92 அங்குலம் காட்டினாலும் அசையக் கூடாது. கரையின் நடுவைப் போர்வையின் நடுவோடும், முனையை முனையோடும் குண்டூசியால் குத்திவிட்டு, மிச்சமுள்ள இரண்டு அங்குலத்தை இடையிடையே கொஞ்சம் கொஞ்சமாக அடக்கிக் குத்த வேண்டும். பஞ்சு போன்ற பிளீஸ், அந்த இரண்டு அங்குலத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். அகலப் பக்கத்துக்கும் இதே முறை.

மிஷினில் தைப்பவர்கள் தையலை நீளமாக வைத்துக்கொள்ள வேண்டும். அங்குலத்துக்கு ஏழு எட்டுத் தையல் போதும். நெருக்கித் தைத்தால் ஒவ்வொரு குத்தும் பிளீசைக் கொஞ்சம் விரிக்கும். பனியன் துணிக்குப் போடும் உருண்டை முனை ஊசி கிடைத்தால் அதுவே சிறந்தது. பிளீஸ் அடியிலும் சேலை மேலேயும் இருக்கும்படி வைத்தால், மிஷினின் கீழ்ப்பற்கள் இழுபடும் துணியைத் தாமே ஏந்தி உள்ளே தள்ளும். கையால் இழுத்துவிட வேண்டாம்.

மூலை வந்ததும் அவசரப்படக் கூடாது. மூலைக்கு அரை அங்குலம் இருக்கும்போதே தையலை நிறுத்தி, துணியை வெளியே எடுக்க வேண்டும். கரைத் துண்டை முதலில் மேல்நோக்கி மடித்தால் குறுக்காக ஒரு சாய்வு மடிப்பு விழும். அந்த மடிப்பு கலையாமல் துண்டைக் கீழே இறக்கி, அடுத்த பக்கத்தைத் தொடங்க வேண்டும். நாலு மூலையும் புத்தக அட்டை மூலை போலக் கச்சிதமாக வந்துவிடும். முதல் போர்வையில் ஒரு மூலையாவது கோணிக்கொள்ளும். அது எல்லோருக்கும் நடப்பதுதான். பிரித்துத் தைத்தால் போயிற்று.

பிறகு போர்வையைத் திருப்பிப் போட்டு, கரையின் விளிம்பை பிளீஸ் மேல் படிய வைத்துக் கையால் ஹெம்மிங் செய்ய வேண்டும். கரையின் விளிம்பு தறியிலேயே கட்டியது என்பதால் உள்ளே மடிக்கும் வேலை இல்லை, தடிப்பும் இல்லை. தையல் கொஞ்சம் கோணலாகப் போனாலும் பிளீசின் ரோமம் அதை மறைத்துவிடும். புதிதாகத் தைப்பவர்களுக்கு பிளீஸ் செய்யும் ஒரே உபகாரம் இது!

சேலையே இல்லாத வெறும் பிளீஸ் போர்வைக்கு இவ்வளவு பாடு வேண்டாம். காஜா போடுவது போல, ஆனால் அரை அங்குலம் இடைவெளி விட்டு, தடித்த நூலால் சுற்றிலும் கைத்தையல் போட்டால் அழகாக இருக்கும். மூலையில் மட்டும் ஒரே துளையில் மூன்று தையல். ஓரத்தைப் பட்டை பட்டையாக வெட்டி முடிச்சுப் போடுவதும் சிலர் வழக்கம், ஊசியே வேண்டாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் முடிச்சுப் போர்வை வேண்டாம். விரல் சிக்கிக்கொள்ளும். ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும்போது எந்தத் தளர்ந்த போர்வையும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்றே டாக்டர்கள் சொல்கிறார்கள்.

மற்ற ஊர்களில்

ஓரத்தின் அருமை மராட்டியர்களுக்கு மட்டும் தெரிந்தது அல்ல. கர்நாடகத்தில் வட கன்னட மாவட்டத்து எல்லாப்பூர், ஹளியாள் பகுதிகளில் சித்தி என்ற மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் சந்ததி. அவர்களது பெண்கள் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வையும் மூலையில் தொடங்கி, ஓரம் சுற்றி, நடுவில் முடியும். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கி வைப்பார்கள். அதற்குப் பூ என்று பெயர். மூலைப்பூ இல்லாத போர்வை ஆடையில்லாத ஆள் மாதிரி என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி டிரூவல் துணையோடு 2004-ல் அந்தப் பெண்களுக்கு ஒரு கூட்டுறவு அமைப்பும் உருவாயிற்று. வங்காளத்துக் கந்தா போர்வைகளிலோ, பழைய சேலைக் கரையிலிருந்து வண்ண நூலை உருவி எடுத்து, அதைக்கொண்டே பூ வேலை செய்வது பழைய வழக்கம்.

தஞ்சாவூரை மராட்டியர்கள் 1855 வரை ஆண்டார்கள். ஆனாலும் கோதடி நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பரவவில்லை. தஞ்சாவூரில் குளிர் ஏது? நம் வீடுகளில் பழைய சேலை தூளியாகும், பிறகு கரித்துணியாகும். இல்லையென்றால் நாலு சேலை கொடுத்து ஓர் எவர்சில்வர் பாத்திரம் வாங்குவார்கள். அந்தப் பண்டமாற்று மராட்டியத்திலும் உண்டு. கோதடிக்குப் பெரிய போட்டி கடைப் போர்வை என்று நினைப்பவர்கள், இந்த எவர்சில்வர் பாத்திரத்தை மறந்துவிடுகிறார்கள்.

கைவேலைக்காரப் பெண்களுக்கு இன்னொரு கஷ்டமும் சேர்ந்திருக்கிறது. நூல் சேலை கட்டுவது குறைந்து பாலியஸ்டர் சேலை பெருகிவிட்டது. அது வழுக்கும், வியர்வையை உறிஞ்சாது, அடுக்கித் தைத்தால் நிற்காது. நல்ல பழைய நூல் சேலை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம், கோதடி தைக்கும் பெண்ணுக்கு அபூர்வமான வாடிக்கை. ஆனால் கூலி பேசும்போது, "மாவ்ஷி, ஓரம் மட்டும்தானே?" என்று குறைக்கப் பார்ப்பது நியாயம் இல்லை. மாவ்ஷி என்றால் சித்தி. 25 அடி ஓரத்தைக் கையால் ஹெம்மிங் செய்ய, பழகிய கைக்கும் மணிக்கணக்கில் ஆகும். உறவு சொல்லிக் கூப்பிட்டுவிட்டு மணியைக் குறைத்துக் கணக்கிடலாமா?

ஆற்றுக்குப் போகும் இழை

பிளீஸ் பிசிறு பிரியாது என்று சொன்னதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அது பிரியாது, ஆனால் உதிரும். ஒரே ஓர் ஆடையைத் துவைத்தாலும் 1,900-க்கு மேற்பட்ட நுண்ணிழைகள் தண்ணீரில் போவதாக 2011-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கண்டது. அதிகம் உதிர்த்தது பிளீஸ். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிளாஸ்டிக் இழை மக்காது. வெட்டி அப்படியே விட்ட விளிம்பிலிருந்து கூடுதலாக உதிரும் என்பதும் பிற்பாடு தெரியவந்தது. கராடிக் குளியலறையில் துவைத்த தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் திசை முளா-முட்டாதான். ஓரத்தைக் கரைக்குள் அடக்கிக் கட்டுவதற்கு, பாட்டிமார்களுக்குத் தெரியாத இந்தக் காரணமும் இன்று சேர்ந்துகொண்டது.

ஆகையால் இந்தப் போர்வையை அடிக்கடி துவைக்க வேண்டாம். வெயிலில் உதறிப் போட்டாலே போதும். துவைக்கும்போது குளிர்ந்த தண்ணீர், லேசான சோப்பு. முறுக்கிப் பிழியக் கூடாது. அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோகவும் கூடாது. பாலியஸ்டர் தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். காயப் போடும்போது ஒரு மூலையைப் பிடித்துத் தொங்கவிடாமல், கம்பியின் மேல் பாதியாக மடித்துப் போட்டால் ஓரம் இழுபடாது.

சில வருஷங்களில் முகத்தருகே வரும் பக்கத்துக் கரை நைந்துவிடும். அப்போது போர்வையைக் கழிக்க வேண்டியதில்லை. அந்த ஒரு பக்கத் தையலை மட்டும் பிரித்து, மிச்சம் வைத்த பத்து அடியிலிருந்து வெட்டி மாற்றிக்கொள்ளலாம். அதனால் மீந்த கரையைச் சுருட்டி, அதே நிற நூலோடு ஒரு சிறு பையில் போட்டு, போர்வையோடு பெட்டியில் வைத்துவிடுவது கோதடி வீடுகளில் கற்றுக்கொள்ள வேண்டிய கடைசி வேலை.